நலிந்த நிலமும் நட்ட கைகளும்

நுழையும்முன்

பயிர் விளையும் நிலத்தில் பறவைக்கும் இடம் உண்டா? வேலியோரப் புதரும், வயல் நடுவே நிற்கும் பொந்து மரமும் உழவருக்கு இடையூறா, துணையா? விளைச்சலைப் பெருக்கும் வேகத்தில் மண்ணையும் மரத்தையும் நீரையும் ஓய்வின்றிப் பயன்படுத்திய ஒரு நாட்டில் இவ்வினாக்களை எழுப்பியவர் ஆல்டோ லியோபோல்ட். அவற்றுக்கான விடையை அவர் நூல்களில் மட்டும் தேடவில்லை. உழவர்களின் வயல்களிலும், தாம் வாங்கிய பாழ்நிலத்திலும் தேடினார். துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரராகத் தொடங்கி, நிலத்துக்கும் அறம் உண்டு என்று உலகுக்கு உரைத்தவராக உயர்ந்த அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆற்றங்கரையில் கற்ற பாடம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றைப் பார்த்தபடி மேட்டின்மேல் அமைந்த நகரம் பர்லிங்டன். அந்நகரில் 1887ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் ஆல்டோ லியோபோல்ட் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய மரபில் வந்த அவரது வீட்டில் ஜெர்மன் மொழியே பேச்சுமொழியாக இருந்தது. தந்தை கார்ல், எழுதுமேசைகள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றை நடத்திவந்தார். உடன்பிறந்த நால்வருள் ஆல்டோவே மூத்தவர்.

கார்லுக்கு வேட்டையில் பெருவிருப்பம் உண்டு. ஆயினும் அவர் கண்மூடித்தனமாகச் சுட்டு வீழ்த்துபவர் அல்லர். பறவைகள் இணைசேர்ந்து கூடு கட்டச் செல்லும் இளவேனிற்காலத்தில் வேட்டையாடுவதை அவர் நிறுத்திக்கொண்டார். ஒரு நாளில் எத்தனைப் பறவைகளைச் சுடலாம் என்பதற்கும் தாமே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டார். இவற்றைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் அன்று இல்லை. ஆற்றோரச் சதுப்பு நிலங்களுக்குத் தம் மக்களை அழைத்துச் சென்று, பட்டுப்போன மரத்தையும் சேற்றில் பதிந்த கால்தடத்தையும் காட்டி, அங்கே வாழும் உயிர்களின் நடமாட்டத்தை அறியக் கற்றுத்தந்தார். சட்டம் சொல்லாத இடத்திலும் மனிதன் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ள இயலும் என்னும் பாடம், சிறுவன் ஆல்டோவின் நெஞ்சில் இவ்வாறு விதைக்கப்பட்டது. அவ்விதை முளைத்து மரமாவதற்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

காட்டுப் பணியும் கண்ட பிழையும்

பள்ளிக் கல்விக்குப் பின் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லியோபோல்ட், காட்டியல் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1909ஆம் ஆண்டு அமெரிக்க வனத்துறையில் பணியேற்று, நாட்டின் தென்மேற்கில் உள்ள அரிசோனாவின் அப்பாச்சி தேசியக் காட்டுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 22.

ஓநாயும் மலைச் சிங்கமும் கரடியும் மனிதனுக்குப் பகை என்பதே அக்காலத்தின் பொதுக் கருத்து. அவை ஒழிந்தால் மான்கள் பெருகும். மான்கள் பெருகினால் வேட்டைக்காரர்களுக்கு இன்பம் என்று அறிஞர்களும் அதிகாரிகளும் நம்பினர். இளைஞர் லியோபோல்ட்டும் அவ்வாறே நம்பினார். ஒருநாள் தோழருடன் மலை விளிம்பில் அமர்ந்து உணவு உண்டுகொண்டிருந்தபோது, கீழே ஓடிய ஆற்றைத் தாய் ஓநாய் ஒன்று கடந்து வருவதையும், வளர்ந்த குட்டிகள் அதனை எதிர்கொண்டு குதித்தாடுவதையும் கண்டார். அடுத்த கணமே துப்பாக்கிகள் முழங்கின. இறங்கிச் சென்று பார்த்தபோது, சாகும் தறுவாயில் கிடந்த தாய் ஓநாயின் கண்களில் பசுமையான ஓர் ஒளி மெல்ல அணைந்துகொண்டிருந்தது.

அந்தக் காட்சி அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. எனினும் அவர் அன்றே மனம் மாறிவிடவில்லை. அதன்பின் பல்லாண்டுகள் கொன்றுண்ணி விலங்குகளை ஒழிக்கும் இயக்கத்திற்கு அவர் ஆதரவாகவே எழுதியும் பேசியும் வந்தார். ஓநாய்கள் அழிக்கப்பட்ட மலைகளில் மான்கள் கட்டின்றிப் பெருகிப் புதர்களையும் இளங்கன்றுகளையும் மேய்ந்து தீர்த்தன. இறுதியில் உண்ண ஏதுமின்றி அவையே பட்டினியால் மடிந்தன. இதனைக் கண்ட பிறகே தம் பிழையின் முழு அளவும் அவருக்கு விளங்கியது. மான் ஓநாய்க்கு அஞ்சுவதைப் போலவே மலை மானுக்கு அஞ்சி வாழ்கிறது என்பதை அவர் உணர்ந்தார். அந்நிகழ்வு நடந்து ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின்னர், 1944இல், தம் பிழையை மறைக்காமல் ஒரு கட்டுரையாக எழுதினார்.

நோயும் மீட்சியும்

1912இல் நியூ மெக்சிகோவின் வடபகுதியில் உள்ள கார்சன் தேசியக் காட்டின் கண்காணிப்பாளராக லியோபோல்ட் உயர்ந்தார். அவ்வாண்டே எஸ்டெல்லா என்னும் பெண்ணை மணந்தார். மறு ஆண்டு, மேய்ச்சல் நிலத் தகராறு ஒன்றைத் தீர்த்துவிட்டுக் குதிரையில் திரும்பும் வழியில் மழையிலும் பனியிலும் சிக்கினார். நனைந்த படுக்கையிலேயே பல இரவுகளைக் கழித்ததனால் கொடிய சிறுநீரக அழற்சி அவரைத் தாக்கியது. உயிர் பிழைப்பதே அரிது என்னும் நிலையிலிருந்து மீண்ட அவர், ஓராண்டுக்கும் மேலாகப் பணிக்குத் திரும்ப இயலாமல் படுக்கையிலும் சாய்வு நாற்காலியிலும் காலம் கழித்தார். அந்த ஓய்வுக் காலம் அவரைப் படிக்கவும் எழுதவும் எண்ணவும் வைத்தது.

பணிக்குத் திரும்பியதும், சாலையும் சுரங்கமும் கட்டடமும் நுழையாத சில காட்டுப் பரப்புகளையேனும் அவ்வாறே விட்டுவைக்க வேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக நியூ மெக்சிகோவின் கிலா மலைப்பகுதி 1924இல் காட்டுவெளியாக ஒதுக்கப்பட்டது. அந்நாட்டில் இவ்வகையில் காக்கப்பட்ட முதற்பகுதி அதுவே. அதே ஆண்டில் அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மேடிசனுக்கு இடம்பெயர்ந்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அம்மாநிலமே அவருக்குத் தாயகமாயிற்று.

வயலோரத்தில் கண்ட உண்மை

மேடிசனில் மரப்பொருள் ஆய்வுக்கூடம் ஒன்றில் லியோபோல்ட் நான்காண்டுகள் பணியாற்றினார். வெட்டிய மரத்தைவிட வளரும் மரத்தின்மீதே அவர் உள்ளம் சென்றது. 1928இல் அப்பணியை விட்டு விலகி, நாட்டின் வடமத்திய மாநிலங்களில் காட்டுயிர்களின் நிலையைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். பண்ணை பண்ணையாகச் சென்று, வயல்களைப் பார்வையிட்டு, உழவர்களிடம் கேட்டறிந்து செய்த அந்த ஆய்வு அவருக்குப் புதிய உண்மை ஒன்றைக் காட்டியது.

பெருங்காடுகள் மட்டுமே காட்டுயிர்களின் இருப்பிடம் என்று பலரும் எண்ணியிருந்தனர். ஆனால், நாட்டின் பெரும்பரப்பு உழவர்களின் கையில் இருந்தது. அவ்வயல்களின் ஓரங்களில்தான் காடைகளும் பாடும் பறவைகளும் முயல்களும் வாழ்ந்துவந்தன. வேலியோரப் புதர்களை வெட்டி எறிதல், சதுப்பு நிலங்களை வடித்து உலர்த்துதல், தோப்புகளில் மாடுகளை மேயவிடுதல், வரப்புவரை உழுதல் ஆகியவற்றால் அவை ஒதுங்க இடமின்றி மறைந்துகொண்டிருந்தன. வேட்டைக்காரனின் துப்பாக்கியைவிட, மறைவிடத்தை அகற்றும் கோடரியும் கலப்பையுமே அவற்றுக்குப் பெருங்கேடு செய்தன.

1933இல் வெளிவந்த காட்டுயிர் மேலாண்மை பற்றிய அவரது நூல் இவ்வுண்மைகளை ஒரு தனித்துறையாக வகுத்துத் தந்தது. ஓர் உயிர் வாழ உணவும் நீரும் மறைவிடமும் வேண்டும்; இவை மூன்றும் அது நடந்தோ பறந்தோ எட்டும் தொலைவுக்குள் இருக்கவும் வேண்டும் என்று அந்நூல் விளக்கியது. காடைக்குத் தானியம் விளையும் வயலும், கூடு கட்டப் புல்வெளியும், பனிக்கும் பருந்துக்கும் ஒதுங்கப் புதரும் தேவை. பரந்த வயல் ஒருபுறமும் பரந்த தோப்பு ஒருபுறமும் தனித்தனியே கிடந்தால் அதனால் பயன் இல்லை. வயலும் புல்லும் புதரும் சிறுசிறு துண்டுகளாக அடுத்தடுத்து அமைந்து, அவற்றின் விளிம்புகள் ஒன்றையொன்று தொடுமாயின் அங்கே உயிர்கள் பெருகும். நிலத்தைக் கெடுத்த கோடரி, கலப்பை, மாடு, தீ, துப்பாக்கி ஆகிய அதே கருவிகளை அறிவோடு பயன்படுத்தினால் இழந்த உயிர்களை மீட்கவும் முடியும் என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து. அவ்வாண்டே விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இத்துறைக்கெனப் பேராசிரியர் பதவி ஒன்றை உருவாக்கி, அதில் அவரை அமர்த்தியது. அந்நாட்டில் இத்துறைக்கு ஏற்பட்ட முதற்பதவி அதுவே ஆகும்.

உழவரோடு இணைந்த கை

லியோபோல்ட்டின் கொள்கை, ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1931இல் மேடிசனை அடுத்த ரைலி என்னும் சிற்றூர்ப் பகுதியில், குடிக்க நீர் வேண்டி ஒரு பண்ணை வீட்டின் முன் நின்றார். அவ்வீட்டு உழவரிடம் ஒரு மனக்குறை இருந்தது. நகரத்து வேட்டைக்காரர்கள் கேட்காமலே வயலுக்குள் புகுந்துவிடுகின்றனர். பறவைகளோ ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. லியோபோல்ட்டுக்கோ வேட்டையாடவும் ஆய்வு செய்யவும் ஓர் இடம் தேவைப்பட்டது. இருவர் தேவையும் ஒன்றுசேர்ந்ததில் பிறந்தது ரைலி கூட்டுறவு.

அப்பகுதி உழவர்கள் தங்கள் நிலத்தையும் உழைப்பையும் தந்தனர். நகரத்து நண்பர்கள் செலவுக்குப் பொருள் தந்தனர். தோப்புகளைச் சுற்றி வேலியிட்டு மாடுகள் புகாமல் காத்தனர். பனிக்காலத்தில் பறவைகள் உண்பதற்காகத் தானியத்தை அங்கங்கே விட்டுவைத்தனர்; தீனி மேடைகளும் அமைத்தனர். ஒதுங்க இடமற்ற மூலைகளில் புதர்களையும் ஊசியிலை மரங்களையும் நட்டனர். ஒவ்வோர் ஆண்டும் பறவைகளை எண்ணிக் கணக்கு வைத்தனர். வேட்டையாடும் உரிமை கூட்டுறவினருக்கு மட்டுமே என வரையறுத்ததால் அத்துமீறல் குறைந்தது. பயிர்த்தொழில் தடைபடாமலே பறவைகளும் பெருகின. பகையாக நின்ற உழவரும் வேட்டைக்காரரும் ஒரே நிலத்தின் காவலர்களாயினர்.

1938 முதல் சில ஆண்டுகள், விஸ்கான்சின் உழவர்களுக்கென வெளிவந்த இதழ் ஒன்றில் அவர் சிறுசிறு கட்டுரைகளை எழுதினார். பேராசிரியரின் பெருமொழி எதுவும் அவற்றில் இல்லை. பொந்துள்ள முதிய மரத்தை விறகுக்கு வெட்டாமல் விட்டால் ரக்கூனும் ஆந்தையும் மரங்கொத்தியும் குடியேறும். பருந்தும் ஆந்தையும் எலிகளை உண்டு உழவருக்கு உதவுவன, அவற்றைச் சுடலாகாது. உழமுடியாத மூலையைக் காட்டுப்பூக்களுக்கு விட்டுவிடலாம் என்று எளிய மொழியில் எடுத்துச்சொன்னார். செலவின்றிச் செய்யத்தக்கவற்றையே அவர் உழவர்களிடம் கேட்டார்.

கூன் பள்ளத்தாக்கு

விஸ்கான்சினின் தென்மேற்கில் செங்குத்தான குன்றுகள் சூழ்ந்த பகுதி கூன் பள்ளத்தாக்கு. அங்குக் குடியேறிய உழவர்கள் சரிவு என்றும் பாராமல் மேலிருந்து கீழாக உழுதனர். மலைச்சரிவுகளில் மாடுகளை மேயவிட்டனர். ஒவ்வொரு பெருமழையும் மேல்மண்ணை வாரிச்சென்றது. வயல்களைப் பிளந்துகொண்டு ஓடைகள் தோன்றின. ஆற்றில் மணல் மூடியதால் மீன்கள் அருகின. வெள்ளம் பெருகிப் பள்ளத்தாக்கில் இருந்த வயல்களையும் பாலங்களையும் அழித்தது.

1933இல் அமெரிக்க அரசு, நாட்டிலேயே முதன்முறையாக ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் மண்ணரிப்பிலிருந்து மீட்கும் செயல்விளக்கத் திட்டத்தை அங்குத் தொடங்கியது. லியோபோல்ட் அதன் அறிவுரையாளர்களுள் ஒருவர். அவருடைய மைந்தர்கள் ஸ்டார்க்கரும் லூனாவும் அங்குப் பணிபுரிந்தனர். 400க்கும் மேற்பட்ட உழவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இணைந்தனர். சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் உழுதனர். மக்காச்சோளத்தையும் புல்லையும் மாற்றி மாற்றிப் பட்டை பட்டையாகப் பயிரிட்டனர். செங்குத்தான சரிவுகளில் மாடுகள் ஏறாதவாறு வேலியிட்டனர். அரசு முகாம்களில் தங்கியிருந்த இளைஞர்கள் ஓடைகளுக்குத் தடுப்பணை கட்டி, கரைகளில் மரங்களையும் புதர்களையும் நட்டனர். மண்ணைப் பிடித்துநிறுத்த நட்ட அந்தப் புதர்களே பறவைகளுக்கு வீடாயின. மண்ணைக் காப்பது ஒரு வேலை, பறவையைக் காப்பது வேறு வேலை என்று இரண்டாகப் பிரிக்கத் தேவையில்லை என்பதைக் கூன் பள்ளத்தாக்கு காட்டியது.

ஆயினும், பின்னாளில் இத்தகைய முயற்சிகளை நோக்கியபோது லியோபோல்ட்டின் உள்ளத்தில் ஒரு கவலை எழுந்தது. அரசின் உதவிக்காலம் முடிந்ததும் உழவர் பலர் உடனடி வருவாய் தந்தவற்றை மட்டும் தொடர்ந்தனர். ஊருக்கும் ஆற்றுக்கும் நன்மை தந்து, தமக்கு நேரடியாக ஆதாயம் தராதவற்றைக் கைவிட்டனர். பொருளுதவியும் சட்டமும் ஓரளவே பயன்தரும். நிலத்தின்மீது மனிதனுக்குக் கடமை உண்டு என்னும் உணர்வு உள்ளத்தில் தோன்றாதவரை எந்தத் திட்டமும் நிலைக்காது என்று அவர் தெளிந்தார்.

மணல் பண்ணை

பிறருக்குச் சொன்னதைத் தாமும் செய்துபார்க்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இருந்தது. 1935இல், பாராபூ நகருக்கு அருகே விஸ்கான்சின் ஆற்றங்கரையில் 80 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கினார். வளமான நிலம் ஏதும் அன்று அது. மணற்பாங்கான அந்நிலம், ஓயாத மக்காச்சோளச் சாகுபடியால் சத்திழந்து, கைவிடப்பட்டுக் கிடந்தது. பண்ணை வீடு எரிந்துபோயிருந்தது. எஞ்சி நின்றது எருக்குவியல் நிறைந்த ஒரு கோழிக்கூண்டு மட்டுமே.

லியோபோல்ட்டும் எஸ்டெல்லாவும் ஸ்டார்க்கர், லூனா, நீனா, கார்ல், எஸ்டெல்லா ஆகிய ஐந்து மக்களும் சேர்ந்து எருவை வாரிக் கொட்டினர். வெள்ளம் ஒதுக்கிய பலகைகளைப் பொறுக்கி வந்து அக்கூண்டையே குடிசையாக்கினர். வார இறுதி தோறும் மேடிசனிலிருந்து அங்கு வந்து தங்கி நிலத்தைத் திருத்தினர். பறவைகளுக்காகத் தீனிப்பயிர் விதைத்தனர். பழைய மக்காச்சோள வயலில், அந்நிலத்துக்கு உரிய புல்வகைகளையும் பூச்செடிகளையும் வேறிடங்களிலிருந்து பெயர்த்துவந்து நட்டனர். 1936 இளவேனிலில் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை ஊன்றினர்.

அக்கோடையில் கடும் வறட்சி வந்தது. நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை கருகிப்போயின. மறு ஆண்டு மீண்டும் நட்டனர். வறட்சிக்குத் தப்பியவற்றை முயல்களும் மான்களும் கடித்தன. வெள்ளமும் சிலவற்றைக் கொண்டுபோயிற்று. ஒவ்வோர் இளவேனிலிலும் மண்வெட்டியோடு அவர்கள் திரும்பி வந்தனர். எம்மண்ணில் எவ்வினம் பிழைக்கிறது, எது ஏன் மடிகிறது என்று குறித்துவைத்துப் பிழையைத் திருத்திக்கொண்டனர். லியோபோல்ட்டின் வாழ்நாளுக்குள் அக்குடும்பம் நட்ட மரங்கள் 30,000க்கும் மேற்பட்டவை. காற்றில் பறந்த மணல் அடங்கியது. வெற்றுநிலம் நிழல் கண்டது.

குறிப்பேடும் விடியலும்

விடியுமுன் எழுவது லியோபோல்ட்டின் வழக்கம். குடிசை முன் அமர்ந்து, எந்தப் பறவை எந்த நேரத்தில் முதலிற் பாடுகிறது என்று குறிப்பார். ஒளியை அளக்கும் கருவியைக் கொண்டு, எவ்வளவு வெளிச்சத்தில் எப்பறவை பாடத் தொடங்குகிறது என்றும் கணக்கெடுத்தார். முதற்பூ மலர்ந்த நாள், வாத்துகள் வடக்கே திரும்பிய நாள், ஆற்றில் பனி உருகிய நாள் என ஆண்டுதோறும் அவர் எழுதிவைத்த பட்டியல் நீண்டது. குளிர்காலத்தில் சிறு பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் இட்டுப் பறக்கவிட்டு, மறு ஆண்டும் அவை வருகின்றனவா என்று பார்ப்பதில் குடும்பமே ஈடுபட்டது.

நிலத்தை மீட்க விரும்புபவர் முதலில் நிலத்தைப் படிக்க வேண்டும் என்பதே இக்குறிப்பேடுகள் உணர்த்தும் உண்மை. 1935 முதல் 1945 வரை அப்பகுதியில் திரட்டிய இவ்விவரங்கள் 1947இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன.

தெரிந்து தெளிவோம்

பூக்கள் மலர்தல், இலைகள் உதிர்தல், பறவைகள் வலசை வருதல், பூச்சிகள் தோன்றுதல் போன்ற இயற்கை நிகழ்வுகள் ஆண்டின் எந்த நாளில் நிகழ்கின்றன என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்வது பருவநிகழ்வியல் எனப்படும். லியோபோல்ட் தொடங்கிய பதிவுகளை அவர் மகள் நீனா பின்னாளில் அதே பண்ணையில் தொடர்ந்தார். இருவர் பதிவுகளையும் ஒப்பிட்ட அறிஞர்கள், இளவேனிற்கால நிகழ்வுகள் பல முன்னைவிட விரைவாக நிகழ்வதைக் கண்டனர். காலநிலை மாற்றத்தை அறிய இப்பதிவுகள் சான்றாகப் பயன்படுகின்றன.

நில அறம்

லியோபோல்ட்டின் எண்ணம் முதிர்வதற்கு இரு பயணங்கள் துணைபுரிந்தன. 1935இல் ஜெர்மனிக்குச் சென்ற அவர், ஒரே வகை மரத்தை வரிசை வரிசையாக வளர்த்து, மான்களுக்குச் செயற்கையாகத் தீனியிடும் காடுகளைக் கண்டார். ஒழுங்கு மிகுந்திருந்தும் அங்கே உயிர்வளம் குன்றியிருந்தது. 1936இல் வடமெக்சிகோ மலைகளுக்குச் சென்றபோது, ஓநாயும் மலைச் சிங்கமும் மானும் ஒருங்கே வாழும் நலமான நிலத்தைக் கண்டார். இயந்திரத்தின் உறுப்புகளைப் போல் ஒவ்வோர் உயிரும் அதனதன் இடத்தில் பணிசெய்தால்தான் நிலம் நோயின்றி இருக்கும் என்பது அவருக்கு உறுதியாயிற்று.

மண், நீர், செடிகொடி, விலங்கு ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு சமுதாயமே நிலம்; மனிதன் அதன் தலைவன் அல்லன், உறுப்பினன் என்பது அவர் கண்ட முடிவு. குடும்பத்திற்குள் தோன்றிய அறம் ஊருக்கும் நாட்டுக்கும் விரிந்ததுபோல நிலத்துக்கும் விரிய வேண்டும் என்று அவர் வாதிட்டார். இக்கருத்தே நில அறம் எனப் போற்றப்படுகிறது.

இவ்வறத்தைச் சொல்வது அவருக்கு எளிதாக இருந்ததில்லை. 1943இல் மாநில இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினரானபோது, விஸ்கான்சின் காடுகளில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகி இளங்கன்றுகளை அழித்துவருவதைச் சுட்டிக்காட்டி, அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றார். மக்கள் கடுஞ்சினம் கொண்டனர். செய்தித்தாள்கள் அவரைத் தாக்கின. இளமையில் மான் பெருகுவதற்காக ஓநாயைக் கொன்ற அவரே, முதுமையில் காடு பிழைப்பதற்காக மான்களைக் குறைக்கச் சொல்லிப் பழி சுமந்தார். ஆயினும் தாம் கண்ட உண்மையிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

தீயோடு முடிந்த வாழ்வு

தம் பண்ணையில் கண்டவற்றையும் வாழ்நாள் முழுதும் எண்ணியவற்றையும் கட்டுரைகளாகத் தொகுத்து வெளியிட லியோபோல்ட் விரும்பினார். பதிப்பகத்தார் சிலர் அதனை ஏற்க மறுத்தனர். பலமுறை திருத்தி எழுதியபின், 1948 ஏப்ரல் 14 அன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட இசைந்தது. அந்த மகிழ்ச்சியோடு அவர் தம் மனைவியுடனும் இளைய மகளுடனும் பண்ணைக்குச் சென்றார்.

ஏப்ரல் 21ஆம் நாள் காலை, அண்டைப் பண்ணையிலிருந்து புகை எழுவதைக் கண்டார். காய்ந்த புல்லில் பற்றிய தீ பரவிவந்தது. அண்டை வீட்டாருக்கு உதவவும், பன்னிரண்டு ஆண்டுகள் வளர்த்த தம் பைன் மரங்களைக் காக்கவும் தண்ணீர்ப் பம்பைச் சுமந்துகொண்டு விரைந்தார். தீயை எதிர்த்து நின்ற வேளையில் மாரடைப்பு ஏற்பட்டு அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 61. அவர் உடல், பிறந்த ஊரான பர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டது.

நிலைத்த பயன்

மைந்தர் லூனாவின் மேற்பார்வையில் 1949இல் அந்நூல் வெளிவந்தது. தொடக்கத்தில் சிலரே அதனைப் படித்தனர். 1960களுக்குப் பின் சுற்றுச்சூழல் உணர்வு வளர்ந்தபோது அது பல இலட்சம் வாசகரைச் சென்றடைந்து, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அவருடைய மக்கள் ஐவரும் இயற்கையை ஆராயும் துறைகளிலேயே சிறந்து விளங்கினர். அவர்களுள் மூவர் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

கோழிக்கூண்டாக இருந்த அக்குடிசை இன்றும் நிற்கிறது. அதனைச் சுற்றி, அவர் குடும்பம் நட்ட பைன் மரங்கள் வானளாவ ஓங்கியுள்ளன. லியோபோல்ட் வாழ்ந்த காலத்தில் அம்மாநிலத்தில் அழிவின் விளிம்பில் இருந்த சாண்ட்ஹில் கொக்குகள், இன்று இலையுதிர்காலத்தில் அப்பண்ணையை ஒட்டிய ஆற்று மணல்திட்டுகளில் ஆயிரக்கணக்கில் வந்து தங்குகின்றன. நோயுற்ற நிலத்தையும் நலமாக்க முடியும்; அதற்குத் தேவையானவை உற்றுநோக்கும் கண்ணும், பிழையை ஒப்புக்கொள்ளும் நெஞ்சும், பட்டுப்போன கன்றின் குழியில் மறுகன்றை ஊன்றும் கையுமே என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள வயல், தோட்டம், ஏரிக்கரை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓரங்களில் வாழும் மரம், செடி, பறவை, பூச்சி ஆகியவற்றைப் பட்டியலிடுக.

2. வேம்பு பூக்கும் நாள், குயில் கூவத் தொடங்கும் நாள், முதல் மழைக்குப்பின் ஈசல் புறப்படும் நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஆண்டுப் பதிவோடு ஒப்பிடுக.

3. நிலத்தைக் காப்பதற்குச் சட்டமும் பொருளுதவியும் போதுமா, அற உணர்வும் வேண்டுமா என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.